பதினோராம் வார முடிவு

என் மனைவி முப்பத்தொரு வருடம் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். அத்தனை வருடத்தில் மைதானத்துக்குப் போனது ஒரே ஒரு முறை, குடையை மறந்துவிட்டுப் போன நிருபருக்குக் குடை கொடுக்க. கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். யார் ஆடினார்கள் என்று கேட்டேன். "மழையில எல்லாச் சட்டையும் ஒரே கலரா இருந்துச்சு" என்றாள்.

அவள் பார்த்தது பொடி. விளையாட்டுப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டவர்களும் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் சின்ன எழுத்தில், உள்ளூர் லீக் கால்பந்து முடிவுகள் வரும். அலுவலகத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர் பொடி. அதனால் அவள் பெயர் பொடியம்மா. என்னைவிட அரை அடி உயரம் அவள். சேர்ந்து நடந்து போனால் பார்ப்பவர்கள் என்னைத்தான் பொடி என்று நினைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு போன் அடிக்கத் தொடங்கும். லீக்கில் பத்து அணிகள். ரொட்டிக்கடைக்காரர்கள் ஒரு அணி, தபால்காரர்கள் ஒரு அணி, கண்ணாடி ஆலைத் தொழிலாளர்கள் ஒரு அணி, பாலத்துக்குக் கீழே பட்டறை வைத்திருப்பவர்கள் சேர்ந்து பாலத்தடி என்று ஒரு அணி, இப்படி. அந்த வார ஆட்டங்களை வரிசையாக அடித்த தாள் அவள் முன்னால் இருக்கும். இடப்பக்கம் மைதானத்துக்குச் சொந்தக்காரர்கள், வலப்பக்கம் வந்து ஆடுகிறவர்கள், நடுவில் எண்ணுக்கு இரண்டு கட்டம். ஆடிய இரண்டு அணிகளில் எது கூப்பிட்டுச் சொன்னாலும் போதும்.

யார் கூப்பிட்டாலும், எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், அவள் ஒரு கேள்வி கேட்பாள்: "மைதானக்காரங்க எத்தனை?"

"ஜெயிச்சவன் தன் நம்பரை முதல்ல சொல்வான். தோத்தவன் எதிராளி நம்பரை முதல்ல சொல்லிட்டு, தன்னோடதை முழுங்கிடுவான். சமமா முடிஞ்சாத்தான் ரெண்டு பேரும் மனுஷங்க மாதிரி பேசுவாங்க" என்பாள்.

திங்கட்கிழமை காலை அந்தக் கேள்விக்கான பலன் தெரியும். பத்து, பன்னிரண்டு போன் வரும். ஒன்றுகூட ஸ்கோர் தப்பு என்று இருக்காது.

"பொடியம்மா, ரெண்டாவது கோல் எங்க மாப்பிள்ளை போட்டது. அவன் பேர விட்டுட்டீங்க."

"இடமில்ல. அடுத்த வாரம் ரெண்டு கோல் போடச் சொல்லுங்க, பேரு வரும்."

"ரெண்டா? அந்த ஒண்ணே அவன் முட்டியில பட்டுப் போனதும்மா."

"அப்ப முட்டி பேரப் போடறேன்."

எங்களுக்குக் கல்யாணமானபோது திங்கட்கிழமை விளையாட்டுக்கு ஆறு பக்கம். பிறகு நான்கு, பிறகு இரண்டு. பக்கம் குறைந்ததை யாரும் அறிவிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பேப்பர் கையில் லேசாக இருந்தது, அவ்வளவுதான். மைதானத்துக்குப் போகிற நிருபர்களை ஒவ்வொருவராக அனுப்பினார்கள், குடைக்காரர் உட்பட. பிறகு அச்சகத்தை விற்றார்கள். பேப்பர் வேறு ஊரில் அச்சாகத் தொடங்கியது. பக்கத்தை நான்கு மணிக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். ஆட்டம் முடிவது ஐந்து மணிக்கு. அதனால் ஞாயிறு முடிவுகள் செவ்வாய்க்கிழமை வரத் தொடங்கின. செவ்வாய்க்கிழமை காலையில் ஞாயிற்றுக்கிழமை ஸ்கோரைப் படிக்க யார் காத்திருப்பார்கள்? அணிக்காரர்கள் ஆட்டம் முடிந்த நிமிடமே கைபேசியில் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள். பேப்பருக்குச் சொல்வது ஒரு பழக்கமாக மட்டும் மிஞ்சியது. முடிவு அச்சான காலையில் வரும் போன்கள் ஏழாகி, மூன்றாகி, நின்றன.

அவளை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரம் அவளுடையதாயிற்று. நான் ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மேஜையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அவள் போனில் கேட்பது எனக்குக் கேட்கும். மைதானக்காரங்க எத்தனை, மைதானக்காரங்க எத்தனை. அந்த மூன்று மணி நேரத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருக்காது.

லீக்குக்கு அலுவலகம் கிடையாது. செயலாளர் சாவி செய்கிறவர். லீக்கின் சகலமும் அவர் கடையில் ஒரு தடித்த கோப்பில் இருந்தது. பேப்பரில் வந்த முடிவுகளை வாரா வாரம் வெட்டி அதில் ஒட்டுவார். அதுதான் லீக்கின் பதிவேடு. பத்து அணியும் ஒன்றையொன்று நம்பாத காலத்தில் எழுதிய விதி இது: நாளிதழில் அச்சானதே முடிவு, ஏழு நாளுக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அதை மாற்ற முடியாது, நாளிதழிலேயே திருத்தம் அச்சானால் மட்டும், ஆண்டுக் கூட்டம் வரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம். ஒருவரையொருவர் நம்பாதவர்கள் பொடி எழுத்தை நம்பினார்கள்.

பதினோராம் வார ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றி மூன்றாம் நாள். மூன்றாம் நாள்தான் மோசம். நான்கு முடிவுகளை வாங்கிவிட்டாள். கடைசி போன் அடித்தபோது குளியலறையில் இருந்தாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் போனை எடுத்தேன்.

"பாலத்தடி. கண்ணாடி ஆலையோட ஆட்டம். மூணு ஒண்ணு" என்றது ஒரு குரல். பின்னால் ஒரே கூச்சல்.

"சரி" என்றேன். தாளில் ‘கண்ணாடி ஆலை’ என்றும் ‘பாலத்தடி’ என்றும் அடித்திருந்தது. நடுவிலிருந்த கட்டங்களில் 3 என்றும் 1 என்றும் எழுதினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. தாளைப் பார்த்தாள்.

"மைதானக்காரங்க எத்தனைன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நிஜமா?"

"கேட்டேன்மா. நீ போய்ப் படு."

படுக்கப் போனாள். அவள் படுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணம் இல்லை. முப்பது வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து மருந்து கொடுத்தவன் நான். சந்தேகம் இருந்தால் மாடி ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருவேன். அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி ஆலை 3, பாலத்தடி 1 என்று வந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஏழு நாள் ஆயிற்று.

கடைசி வாரம் வரை அவளே தொகுத்தாள். பருவத்தின் இறுதிப் பட்டியலைப் படுக்கையில் உட்கார்ந்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கூட்டிச் சரிபார்த்து அனுப்பினாள். அது வந்த செவ்வாய்க்கிழமை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை மதியம் இறந்தாள். அந்த மாதக் கடைசியோடு பேப்பர் தன் விளையாட்டுப் பக்கத்தை நிறுத்திக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் எங்கேயோ தயாராகி வரும் ஒரு பக்கம் வருகிறது. உலகப் பெரிய ஆட்டங்கள், பெரிய படங்கள்.

அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைத்தேன். மணி அடித்தால் கதவைத் திறந்தேன்.

அப்படித் திறந்த ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் ஒருவர் நின்றிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"சார், பொடியம்மா வீடு இதுதானே? அக்காவப் பார்க்கணும். பாலத்தடி டயர்க்காரன்னு சொன்னா தெரியும்."

"அவ இறந்துட்டா. பதினெட்டு நாளாச்சு."

அவர் என்னைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்தார். "பதினோரு வருஷமா வாரா வாரம் பேசியிருக்கேன் சார். முகம் தெரியாது" என்றார். பிறகு, "அப்ப நான் வந்தது ஒண்ணுமில்ல. கிளம்பறேன்" என்றார்.

"உட்காருங்க. வந்த விஷயத்தச் சொல்லுங்க."

"இல்ல சார், இந்த நேரத்துல போய்..."

"எனக்கு வேற வேலை இல்ல. சொல்லுங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கடைசி இடத்தில் வரும் அணி லீக்கிலிருந்து விலக வேண்டும். லீக்கில் இல்லாத அணிக்கு நகராட்சி மைதானம் தராது. செயலாளர் இறுதிப் பட்டியலைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். அதில் பாலத்தடி பதினான்கு புள்ளியோடு பத்தாவது. தபால் அணி பதினாறோடு ஒன்பதாவது.

"நாங்க எண்ணினா பதினேழு வருது சார். பட்டறையில எல்லாரும் உட்கார்ந்து எண்ணிட்டோம். எங்க வெல்டிங்காரர் சுவத்துலேயே எழுதி எண்ணினார். அப்புறம் செயலாளர் கோப்பத் திறந்து பார்த்தா பதினோராம் வாரம் நாங்க தோத்ததா ஒட்டியிருக்கு. தோக்கல சார். அங்க போய் மூணு போட்டுட்டு வந்தோம். இந்தப் பருவத்துல நாங்க வெளியில ஜெயிச்சதே அது ஒண்ணுதான். அதப்போய் மறப்பமா?"

"பேப்பர்ல வந்தப்பவே பார்க்கலையா?"

"பேப்பர் யாரு சார் வாங்கறா?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. அக்கா போட்டா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அன்னிக்கு நான்தான் கூப்பிட்டேன். அக்கா எடுக்கல. ஒரு ஆம்பளக் குரல் எடுத்துச்சு."

"நான்தான்."

"ஓ" என்றார். வேறு யாராவதாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். அவர், "பின்னால பசங்க கத்திட்டிருந்தாங்க. நானும் சரியாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அவளுடைய தாள்கள் மேஜை ஓரத்திலேயே இருந்தன. பதினோராம் வாரத்தை எடுத்தேன். மற்ற நான்கும் அவள் எழுத்து. ஐந்தாவது என்னுடையது, மருந்துப் பொட்டலத்தின் மேல் எழுதுவதுபோல அழுத்தி, தெளிவாக எழுதியிருந்தேன்.

"சனிக்கிழமை ஆண்டுக் கூட்டம் சார். அதுக்குள்ள பேப்பர்ல ஒரு திருத்தம் வந்தாப் போதும்னு செயலாளர் சொல்றார். நாங்க இருபத்திரண்டு பேர். மைதானம் போனா அணி இல்ல. பாலத்துக்குக் கீழ எங்க சார் ஆடறது?"

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனேன். விளையாட்டுப் பிரிவு இருந்த அறையில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். பிரிவின் ஆசிரியரை இப்போது வீடு, மனை இணைப்பு பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எல்லாரும் அவரை இன்னும் விளையாட்டு ஆசிரியர் என்றுதான் அழைத்தார்கள். அவர் முன்னால் சமையலறை அலமாரிகளின் படங்கள் பரப்பிக் கிடந்தன.

"வாங்க வாங்க. உட்காருங்க. முப்பது வருஷம் கோல்கம்பத்தப் பார்த்தேன், இப்ப கதவு நிலையப் பார்க்கறேன். அளவு ஒண்ணும் பெருசா மாறல" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னேன். தாளைக் காட்டினேன்.

"திருத்தம் போடறதுக்கு ஒரு முறை இருக்கு. எந்தப் பக்கத்துல தப்பு வந்துச்சோ, அந்தப் பக்கத்துலதான் திருத்தமும் வரணும். அந்தப் பக்கமே இல்லையே."

"புதுசா வர்ற விளையாட்டுப் பக்கம்?"

"அது நம்மளது இல்ல. செஞ்சு முடிச்சதா வருது. அதுல ஒரு புள்ளி வைக்க நமக்கு உரிமை இல்ல."

"முதல் பக்கத்துல மூலையில?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. முப்பத்தொரு வருஷத்துல பொடிக்குன்னு ஒரு திருத்தம் வந்ததில்ல. ஒண்ணுகூட. என் பேர்ல பதினேழு இருக்கு. அவங்க போனதுக்கப்புறம் நீங்களே வந்து அவங்க பேர்ல ஒண்ணு போடணும்கறீங்க."

"தப்பு என்னோடது."

"யாரு தப்புன்னு பேப்பர் சொல்லாது. பொடின்னா பொடியம்மா. படிக்கறவன் அப்படித்தான் எடுத்துப்பான்."

"படிக்கறவன் யாரு?" என்றேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அவர் அலமாரிப் படங்களை அடுக்கத் தொடங்கினார்.

படியிறங்கி வந்தபோது கீழ்த்தளத்து விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். என் மனைவியோடு பல வருடம் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்திருந்தாள்.

"அண்ணா, அறிவிப்பு கொடுக்கத்தானே வந்தீங்க? நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். ஊழியர் இறந்தா நிர்வாகமே எட்டு வரி போடும். ஒரு மாசத்துக்குள்ள எழுதித் தரணும். நீங்க இன்னும் தரல."

கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டினாள். எட்டு வரிக்கு எட்டுக் கோடு. காலமானார்கள் பக்கத்துக்கு உரியது.

"இதுல நான் எழுதறதத்தான் அப்படியே போடுவீங்களா?"

"காலமானார் பக்கத்துல யாரும் கைய வைக்க மாட்டாங்கண்ணா. குடும்பம் எழுதறதுதான். ‘மறைந்தார்’னு எழுதினாலும், ‘சாமிகிட்ட போயிட்டார்’னு எழுதினாலும் அப்படியேதான் வரும். இந்தப் பேப்பர்ல அப்படி இருக்கற ஒரே பக்கம் அதுதான்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதினேன். அவள் பெயர், வயது, இறந்த தேதி. கணவர், தங்கை, தங்கை வீட்டுக்காரர், அவர்களுடைய மகள். அதற்கே ஐந்து வரி போயிற்று. மீதி மூன்றில் நான் சொல்ல வேண்டியது அடங்கவில்லை. இன்னொரு தாள் கேட்டேன். தங்கையை எடுத்தேன், தங்கை வீட்டுக்காரரை எடுத்தேன், மகளை எடுத்தேன். ‘ஆழ்ந்த துயரத்துடன்’ என்பதை எடுத்தேன். பக்கத்தில் இடம் போதாதபோது என் மனைவி இப்படித்தான் எடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது தாளில் சரியாக வந்தது.

அவள் பெயரும் வயதும் தேதியும் மேலே. அதற்குக் கீழே, முப்பத்தொரு ஆண்டு இந்த நாளிதழில் உள்ளூர்க் கால்பந்து முடிவுகளைத் தொகுத்தவர் என்று. அதற்குக் கீழே: ‘திருத்தம். பதினோராம் வார முடிவு கண்ணாடி ஆலை 1, பாலத்தடி 3 என்று இருக்க வேண்டும். மாற்றி எழுதியது அவர் கணவர். அவர் எழுதியதில் பிழை இல்லை.’

விளம்பரப் பெண் படித்தாள். மறுபடி படித்தாள்.

"அண்ணா, இது என்ன?"

"அறிவிப்பு."

"இதுல தங்கச்சி பேருகூட இல்லையே. படம் தரலையா?"

"படத்துக்கு ரெண்டு வரி போயிடும்."

"அவங்க வீட்டுல ஏதாவது சொல்வாங்கண்ணா."

"சொல்வாங்க."

அவள் பென்சிலால் எழுத்துகளை எண்ணினாள். ‘அவர் எழுதியதில்’ என்ற இடத்தில் நின்றாள். "இங்க ‘அவர்’னா உங்களயா அக்காவையான்னு குழப்பம் வரும். ‘மனைவி எழுதியதில்’னு போடட்டுமா? இடம் இருக்கு." சரி என்றேன். தாளை வாங்கி உள்ளே வைத்தாள். வெள்ளிக்கிழமை வரும் என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கு என் கொழுந்தியாள் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டில் இன்னும் பேப்பர் வாங்குகிறார்கள்.

"என்ன மாமா இது? அக்கா செத்த செய்தியில பந்து ஸ்கோரா? எங்க பேரெல்லாம் எங்க?"

"இடம் இல்லம்மா."

"இடம் இல்லையா! பாலத்தடிக்கு இடம் இருக்கு, கூடப் பிறந்தவளுக்கு இடம் இல்லையா?"

பதில் சொல்லியிருக்கலாம். அன்று மூன்றாம் நாள் வாந்தியிலிருந்து தொடங்கிச் சொல்லியிருக்கலாம். என் மனைவி கேட்டதற்கு நான் பொய் சொன்னேன் என்று அறிவிப்பில் எழுதவில்லை; அதற்கும் இடமில்லை. அதைக் கொழுந்தியாளிடமாவது சொல்லியிருக்கலாம். "பேப்பர்ல அவ்வளவுதான் தந்தாங்க" என்றேன். போனை வைத்துவிட்டாள். இன்றுவரை பேசவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. மாலையில் செயலாளர் கூப்பிட்டார். பின்னால் சாவி அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விதியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். நாளிதழில் அச்சான திருத்தம் என்றுதான் இருக்கிறதே ஒழிய, எந்தப் பக்கம் என்று இல்லை. கண்ணாடி ஆலைக்காரர் எழுந்து, அன்று தோற்றது உண்மைதான், எங்களுக்கு அது ஞாபகம் இருக்கிறது என்றாராம். பாலத்தடி ஒன்பதாவது. தபால் அணி விலகுகிறது.

"தபால்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"போன மாசத்துலேருந்தே அவங்களுக்கு ஒன்பது பேர்தான் சேர்றாங்க. நல்லதாப் போச்சுன்னுட்டாங்க."

டயர்க்காரர் மைதான அனுமதித் தாளைக் கையோடு வாங்கிப் போனதாகவும் சொன்னார். அடுத்த பருவத்திலிருந்து முடிவுகளைக் கைபேசிக் குழுவிலேயே போட்டுக்கொள்வதாகத் தீர்மானம். கோப்பில் இனி ஒட்ட எதுவும் இல்லை. கடைசியாக ஒட்டியது அந்தத் திருத்தம்தான்.

அதன் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார்.

"சார், ஒரு விஷயம். கோப்புல முடிவு மட்டும்தான் ஒட்டறது வழக்கம். அதனால திருத்தத்த மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினேன். மேல் பாதி மிச்சமிருக்கு. அம்மா பேரு இருக்கற பாதி. மேஜையில கிடக்கு. குப்பையில போடக் கை வரல. உங்களுக்கு வேணுமா?"

என்னிடம் முழுப் பேப்பரும் இருந்தது. அதைச் சொல்ல வாய் எடுத்தேன்.

"கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஏழு."

மணி ஐந்தரை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.